ஃபங்க் இசையை நாங்கள் காப்பாற்றிய விதம்

அரிய பொருட்களைக் காப்பாற்ற ஒரே வழி, அவற்றை மேலும் அரியவையாக்குவதுதான். இந்தப் பேருண்மையை உலகுக்கு வழங்கிய பெருமை எங்கள் ஊரையே சேரும் என்று, கமிட்டியின் ஆறாவது கூட்டத்தில் பிஸ்கட் தட்டைப் பார்த்தபடி நான் நினைத்துக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதையும் தீர்மானமாக எழுதிக் கை தூக்கச் சொல்லியிருப்பார்கள். நானும் தூக்கியிருப்பேன்.

கமிட்டியின் முழுப் பெயர் 'நேரடி இசை மேம்பாடு மற்றும் ஒலி ஒழுங்கு ஆலோசனைக் கமிட்டி'. ஊரில் சாப்பாட்டோடு இசை நிகழ்ச்சி நடத்தும் ஐந்து அரங்குகளும் அதன் சொல்லைத் தட்டுவதில்லை. அது ஆராய எடுத்துக்கொண்ட கேள்வி ஒன்றே ஒன்று: "உள்ளூர் மேடைகளில் ஃபங்க், சோல் இசைக்குழுக்கள் ஏன் அரிதாக இருக்கின்றன?"

உறுப்பினர்கள் நான்கு பேர். தலைவர், நகராட்சி நீச்சல் குளங்களை மேற்பார்வையிட்டு ஓய்வுபெற்றவர். ஆழமான எதைக் கண்டாலும் ஒரு எச்சரிக்கைப் பலகை வைக்கத் தோன்றும் அவருக்கு. அடுத்தவர், ஐந்து அரங்குகளில் பெரியதன் மேலாளர். மூன்றாமவர், அரங்குகளுக்கு ஒலிக் கட்டுப்பாட்டுப் பெட்டி விற்பவர். கூட்டக் குறிப்பு எழுதுவதும் அவரே. நான்காவது நான், 'கலைஞர்களின் பிரதிநிதி'. பகலில் பல் மருத்துவமனை வரவேற்பறையில் உட்கார்ந்து, "கொஞ்சம் உட்காருங்க, கூப்பிடுவாங்க" என்று தாழ்ந்த குரலில் சொல்வது என் வேலை. மற்ற நேரங்களில் பாடுவேன்.

ஃபங்க் என்பது ஒன்பது பேர் ஒருவருக்கொருவர் இடம் விட்டு வாசிப்பது. சோல் என்பது அந்த இடத்தில் ஒருத்தி நின்று உயிரைக் கொடுத்துப் பாடுவது. இரண்டையும் வாசிக்கும் ஒரே இசைக்குழு ஊரில் எங்களுடையதுதான். பேஸ் கிட்டார் என் அக்கா. ட்ரம்ஸ் அவள் கணவர், என் அத்தான். ட்ரோம்போன் ஊதுகிறவர் பஸ் ஓட்டுநர். ட்ரம்பெட், சாக்ஸஃபோன், கிட்டார், கீபோர்டு, கையால் தட்டும் காங்கோ மேளம் என்று இன்னும் ஐந்து பேர். அக்கா திரைச்சீலைக் கடையில் தைக்கிறாள். செவ்வாய்தோறும் கடை மூடியபின் அதன் கிடங்கில் பயிற்சி. சுற்றிலும் துணிச் சுருள்கள்; எவ்வளவு சத்தம் போட்டாலும் வெல்வெட் குடித்துவிடும். எங்களுக்குக் கிடைத்த மிகப் பொறுமையான ரசிகர் அந்த வெல்வெட்தான்.

எங்களால்தான் இந்தக் கமிட்டியே பிறந்தது என்பதைப் பணிவுடன் குறிப்பிட வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மேலாளரின் அரங்கில் எங்களுக்கு நிகழ்ச்சி. அந்த அரங்கில் 'மேடை' என்றால், சுவரோரம் உள்ள இரண்டு மேசைகளை எடுத்தபின் மிஞ்சும் இடம். அதில் ஏழு பேர் நின்றோம். எட்டாமவரான அக்கா சமையலறைக் கதவை முதுகால் திறந்து பிடித்தபடி வாசித்தாள். ட்ரோம்போனின் குழாயை முழுதாக நீட்டினால் முன்வரிசைக்காரர் தட்டில் உள்ள உருளைக்கிழங்கைத் தள்ளிவிடும் என்பதால், ஓட்டுநர் கழிவறைக்குப் போகும் நடையில் நின்றார். போகிறவர்களுக்கு வழி விடுவதும், தாளம் வந்ததும் ஊதுவதுமாக, தொழில் பழக்கத்தில் இரண்டையும் பிசகாமல் செய்தார்.

சுவரில் அந்த ஒலிக் கட்டுப்பாட்டுப் பெட்டி. சத்தம் கூடக்கூட பச்சை, மஞ்சள், சிவப்பு என்று எரியும் மூன்று விளக்குகள். சிவப்பு ஐந்து விநாடி நீடித்தால் மேடைக்கான மின்சாரத்தைப் பெட்டியே துண்டித்துவிடும். இரண்டாவது பாட்டின் உச்சத்தில் துண்டித்தது. என் மைக் செத்தது. அக்காவின் பேஸ், கிட்டார், கீபோர்டு எல்லாம் ஊமையாயின. ஆனால் ஊதுகிறவர்கள் மூவருக்கும் அது தெரியவில்லை. அவர்களுக்கு மூச்சுதான் மின்சாரம். அத்தானுக்கும் காங்கோக்காரருக்கும் கைதான் மின்சாரம். ஐந்து பேரும் பாட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். நாற்காலிகளைக் காலால் ஒதுக்கிவிட்டு ஆடினார்கள். எங்கள் பல் மருத்துவரும் ஆடினார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். பற்கள் அப்படியொன்றும் சிலாக்கியமில்லை.

மேலாளர் ஓடிவந்தார். "என்னங்க அநியாயம் இது! எல்லாரும் எழுந்துட்டாங்க!"

"ஆடறாங்க சார்," என்றேன்.

"அதைத்தாங்க சொல்றேன். ஆடற கையில எப்படி கிளாஸ் பிடிப்பாங்க?"

அக்கா கதவருகிலிருந்து, "ஆடினா தாகம் எடுக்குமே," என்றாள்.

"எடுக்கும். தண்ணி கேப்பாங்க. பச்சைத் தண்ணி! சோகமா உட்கார்ந்திருக்கறவன்தாம்மா மெனு கார்டைப் பிரிச்சுப் பார்ப்பான். சந்தோஷமா இருக்கறவனுக்கு நான் என்னத்தை விக்கறது?"

அதன்பின் ஐந்து அரங்குகளிலும் எங்களுக்குத் தேதி கிடைக்கவில்லை. ஊரின் ஒரே ஃபங்க் இசைக்குழுவுக்குத் தேதி நின்ற மறுவாரமே, ஃபங்க் இசைக்குழுக்கள் ஏன் அரிதாகிவிட்டன என்று கவலைப்பட்டு கமிட்டி அமைத்தார்கள். இவ்வளவு விரைந்த அக்கறையை வேறெந்த ஊரும் கண்டதில்லை. நான் உள்ளே போனால் தேதி வாங்கிவிடலாம் என்று அக்கா சொன்னாள். போனேன்.

முதல் கூட்டத்தில் மேலாளர் தம் அனுபவத்தைப் பகிர்ந்துகொண்டார். "சனிக்கிழமை ஒருத்தர் வர்றார் சார். ஒரு ஆள், ஒரு முக்காலி, ஒரு கிட்டார், ஒரு காதல் தோல்வி. மேசையை நகர்த்தவே வேண்டாம்."

தலைவர் குறிப்பேட்டைத் திறந்தார். "காதல் தோல்விக்கு எவ்வளவு இடம் தேவைப்படும்?"

"இடமே வேண்டாம் சார். ஆளுக்குள்ளயே அடங்கிடும்."

"அற்புதம். அப்ப ஒன்பது பேர் வர்றதுதான் பிரச்சினை. ஒன்பது பேரும் ஒரே பாட்டையா வாசிக்கறாங்க?"

"ஆமாம் சார்," என்றேன்.

"ஒரே வேலைக்கு ஒன்பது பேர்! குளத்துல கூட ஒரு ஷிப்டுக்கு ரெண்டு பேர்தான் வெச்சிருந்தோம்."

மேளம் இரண்டு இருப்பது வீண் என்று காங்கோ நீக்கப்பட்டது. நான்கு கைகள் உயர்ந்தன.

இரண்டாவது கூட்டத்தில் பெட்டிக்காரர் பேசினார். பெரிய ஆய்வாளர்களுக்கே உரிய துக்கம் அவர் குரலில் இருந்தது. "கிட்டாரை என் பெட்டி நிறுத்திடும். கீபோர்டை நிறுத்திடும். ட்ரம்பெட்டுக்கு சுவிட்ச் எங்க சார் இருக்கு?"

தலைவர் அதிர்ந்துபோனார். "சுவிட்ச் இல்லாத கருவியை இத்தனை நாளா பொது இடத்துல எப்படி விட்டு வெச்சோம்?"

"மனுஷங்களுக்கும் சுவிட்ச் இல்லையே சார்," என்றேன்.

"அது பெரிய விஷயம்மா. தனியா ஒரு கூட்டம் போட்டுப் பேசலாம்."

ஊதுகருவிகள் மூன்றும் போயின. மூன்றாவது கூட்டத்தில், அதே குறைபாட்டுக்காக அத்தானின் ட்ரம்ஸ் போனது. ஒவ்வொரு முறையும் நான் கை தூக்கினேன். இன்று அதைத் தோண்டிப் பார்க்கிறேன். பயம் என்று சொல்ல ஆசை, பயம் இல்லை. அவர்கள் என்னை 'மேடம்' என்றார்கள். நல்ல கோப்பையில் தேநீர் தந்தார்கள். முக்கியமாக, ஒவ்வொரு தீர்மானத்தின் கடைசி வரியும் ஒன்றுபோலவே முடிந்தது: "பாடகியின் இடத்தில் மாற்றமில்லை." அந்த வரிக்காக ஒவ்வொரு முறையும் காத்திருந்தேன். அது வந்ததும் நிம்மதியாக மூச்சுவிட்டேன். மற்றவர்கள் குறையக் குறைய நான் நிற்கும் இடம் பெரிதாகிக்கொண்டே வந்தது. இரண்டு மேசை அகலத்தில் கையை நீட்டிப் பாடலாம். இந்தக் கணக்கை நான் போடவில்லை என்று என்னிடமே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். நான் நம்பவில்லை.

நான்காவது கூட்டத்தில் பேஸ் கிட்டார். "அந்தச் சத்தம் காதுல விழறதே இல்லை, வயித்துலதான் விழுது," என்றார் மேலாளர். "சாப்பிடற இடத்துல வயித்தைத் தொந்தரவு பண்ணலாமா?" என் கை தோள் வரை போய் நின்றது. அதற்குமேல் போகவில்லை. கீழேயும் வரவில்லை. பெட்டிக்காரர் எழுதினார்: "ஒருமனதாக."

ஐந்தாவதில் கிட்டாரையும் கீபோர்டையும் ஒரு மடிக்கணினிக்குள் போட்டார்கள். அதற்கு சுவிட்ச் இரண்டு இருந்தது.

இத்தனைக்கும் நடுவே செவ்வாய்தோறும் கிடங்குக்குப் போனேன்.

"என்னடி சொல்றாங்க கமிட்டியில? தேதி தருவாங்களா?" என்பாள் அக்கா.

"பேசிட்டிருக்காங்க."

"தங்கச்சி உள்ள இருக்கா, விட்டுக் குடுக்க மாட்டா," என்பார் ஓட்டுநர். தேதி எப்போது வந்தாலும் கையில் இருக்கட்டும் என்று எட்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமை ஷிப்டை மாற்றி மாற்றி, மற்றவர்களின் அதிகாலை பஸ்களை எல்லாம் இவரே ஓட்டிக்கொண்டிருந்தார். கண்ணுக்குக் கீழே இரண்டு பைகள் தொங்கின.

ஆறாவது கூட்டத்துக்கு வருவோம். அன்று தலைவர் எழுந்து நின்று அறிவித்தார். 'ஃபங்க், சோல் மறுமலர்ச்சி வாரம்' நடத்தப்படும். தொடக்க நாளில் நான் பாடுவேன். எட்டுப் பேரின் வாசிப்பு முன்கூட்டியே பதிவு செய்யப்பட்டு மடிக்கணினியிலிருந்து வரும். பிறகு ஐந்து அரங்குகளிலும் மாதாமாதம் அதே ஏற்பாடு.

"அந்த எட்டுப் பேரோட ஆளுயரப் படத்தைப் பின்னாடி நிறுத்தலாம்," என்றார் பெட்டிக்காரர்.

"படத்துக்கும் இடம் வேணுமே," என்று மேலாளர் கவலைப்பட்டார்.

"அப்ப கொஞ்சம் சின்னதா அடிச்சுக்கலாம்."

தலைவர் எட்டுத் தாள்களை என்னிடம் நீட்டினார். ஒவ்வொன்றிலும் அச்சிட்டிருந்தது: "என் வாசிப்பை, நான் இல்லாத இடங்களில், நான் இருப்பதாகவே கருதிப் பயன்படுத்திக்கொள்ள மனமார ஒப்புக்கொள்கிறேன்."

"ஒரு ஞாபகத்துக்காகப் பதிவு பண்றோம்னு சொல்லுங்க மேடம். பொய் இல்லையே. அதுக்கப்புறம் ஞாபகம் மட்டும்தானே இருக்கப்போகுது. உங்க மேல அவங்களுக்கு நம்பிக்கை இருக்கு, மறுபேச்சு பேச மாட்டாங்க."

அது உண்மை. கமிட்டி சொன்னவற்றுள் முழு உண்மை அது ஒன்றுதான்.

செவ்வாயன்று தாள்களைக் கிடங்குக்கு எடுத்துப் போனேன். பதிவு செய்யப் போகிறார்கள் என்று மட்டும் சொன்னேன். அத்தான் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார். ஓட்டுநர், "என்னிக்குன்னு சொல்லு, லீவு போட்டுடறேன்," என்றார். துணிச் சுருள்மேல் உட்கார்ந்திருந்த அக்கா கையை நீட்டினாள். கண்ணாடி தையல் மெஷின்மேல் இருந்தது. எழுந்து எடுக்கவில்லை.

"எங்கடி போடணும் கையெழுத்து? இங்கயா, கீழயா?"

"படிச்சுட்டுப் போடுக்கா."

"நீதான் படிச்சிருப்பியே."

தாளை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

"அக்கா, நாலாவது கூட்டத்துல உன்னை எடுத்துட்டாங்க. அதுக்கு முன்னாடி அத்தானை, இவங்களை எல்லாம். நான் கை தூக்கினேன்."

வெல்வெட் அதையும் குடித்தது.

"எனக்கும் தூக்கினியா?"

"பாதி."

"பாதி கையை எப்படிடி எண்ணுவாங்க?"

"முழுசா எண்ணிட்டாங்க."

அக்கா பேஸை மடியில் எடுத்து, ஏற்கெனவே சுருதி சேர்த்திருந்த தடித்த தந்தியை மறுபடி முறுக்க ஆரம்பித்தாள். ஓட்டுநர் ட்ரோம்போனைத் தலைகீழாகப் பிடித்து உள்ளே தேங்கிய நீரைச் சொட்டுச் சொட்டாகத் தரையில் வடித்தார். எல்லாம் வடிந்த பிறகும் அப்படியே பிடித்திருந்தார். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

"பாடறியா, போறியா?" என்றாள் அக்கா, நிமிராமல்.

அன்று பாடினேன். நன்றாகப் பாடவில்லை.

ஏழாவது கூட்டத்தில் எட்டுத் தாள்களையும் வெறுமையாகவே மேசைமேல் வைத்தேன்.

"ஏன் மேடம், யாரும் கையெழுத்து போடலையா?" தலைவருக்கு மெய்யாகவே வருத்தம்.

"நான் கேக்கலைங்க சார்."

"பரவாயில்லை. பெட்டிக்காரர்கிட்ட ரெடிமேட் தாளமே இருக்காம். உங்களுக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லை. உங்க இடத்துல மாற்றமே கிடையாது. நீங்க வந்து பாடிடுங்க."

"இல்லைங்க சார். பாடலை."

"உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கு."

மேலாளர் என் தேநீர்க் கோப்பையை மெல்லத் தம் பக்கம் நகர்த்திக்கொண்டார். பெட்டிக்காரர் எழுத ஆரம்பித்தார். எழுதி முடித்ததும் எழுந்து நின்று, கமிட்டியின் இறுதி அறிக்கையை வாசித்தார்: "ஏழு கூட்டங்களில் நடந்த ஆழ்ந்த ஆய்வின் முடிவில், உள்ளூர் மேடைகளில் ஃபங்க், சோல் இசைக்குழுக்கள் அரிதாக இருப்பதற்கான ஒரே காரணம் கண்டறியப்பட்டுள்ளது. அது, பாடகியின் ஒத்துழையாமை."

"ஏத்துக்கறவங்க கை தூக்குங்க," என்றார் தலைவர்.

அவரும் தூக்கினார். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஒருமனதா இருந்தாத்தாம்மா அறிக்கை செல்லும். உங்க கையும் வேணும். பாதி தூக்கினாலும் போதும்."

கமிட்டியின் திறமையை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். காரணங்களை எண்ணுவது அந்த நிமிடம் அவ்வளவு சுலபமாக இருந்தது. மூன்று காரணங்கள் கை தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. நான்காவது காரணம், ஆறு கூட்டம் தாமதமாக, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டிருந்தது.