கீழ்வீட்டுத் துடைப்பக் கட்டை

ரிம்மா பாவ்லவ்னா கால்விரல் நுனியில் ஏறி இறங்கிய ஒவ்வொரு தடவையும், கீழ்வீட்டிலிருந்து துடைப்பக் கட்டையால் சீலிங்கை இடித்தார்கள். டொக், டொக், டொக்.

"கோப்பையெல்லாம் ஆடுது பாரு," என்றான் கணவன் அர்க்காஷா, செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "கீழ்வீட்டு மத்வேய் ஒசிப்பவிச்சுக்குப் பொறுமை போயிடுச்சு."

லெனின்கிராடில் அந்தக் கட்டிடத்தில்தான் நாங்கள் எல்லோரும் குடியிருந்தோம். மேல்வீட்டில் கரண்டி விழுந்தால் கீழ்வீட்டுக்காரர் குனிந்து தேடுவார், அவ்வளவு மெல்லிய தளம். அந்தச் சத்தங்களை நினைத்தால் இப்போதும் மனசு ஏங்குகிறது.

ரிம்மாவுக்கு முப்பத்தாறு வயது. ரொம்ப உயரமாகிவிட்டாள் என்று பதினாலு வயதில் பாலே நடனப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இருபத்திரண்டு வருஷம் கழித்து, தொழிற்சாலைக் கலைக்குழுவில் மறுபடியும் அந்த மூக்கு கெட்டியான செருப்பை மாட்டியிருந்தாள். நுனிவிரலில் நிற்க வந்துவிட்டது. இறங்கத்தான் வரவில்லை. ஒற்றைக் காலில் மெல்ல ஏறி, பாதம் கொஞ்சம் கொஞ்சமாகப் படிய இறங்க வேண்டும். இவள் பாதி வழியில் தொப்பென்று விழுவாள். ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. பதினாறு தடவை ஒழுங்காகச் செய்தால் மே தின மேடையில் ஆட்டம், இல்லாவிட்டால் திரை இழுக்கிற வேலை.

"செருப்போட மூக்குதான் சத்தம் போடுது," என்று ரிம்மா சுத்தியலால் அதன்மேல் நாலு போடு போட்டாள். கீழிருந்தும் நாலு இடி வந்தது. மூக்கு நைந்து, கணுக்கால் மடங்கி, அவள் அலமாரியோடு சாய்ந்தாள்.

"சுவத்துல சும்மாதானே தொங்குது," என்று அர்க்காஷா கல்யாணக் கம்பளத்தை இறக்கித் தரையில் விரித்தான். விரல்நுனி அதில் புதைந்துகொண்டது. இந்தத் தடவை விழுந்ததில் சாசர் இரண்டு போயின. கீழே இடி பலத்தது.

"அவர் செஸ் ஆடப் போற நேரமாப் பாத்துப் பண்ணேன்."

"போறதையே விட்டுட்டாரு. என்னைக் காவல் காக்கறதுதான் இப்ப அவருக்கு வேலை."

"அப்ப ஆடறப்ப நீ போடற இசைத்தட்டுதான் அவருக்கு ஆகலை. அதை நிறுத்திப் பாரு."

நிறுத்தினாள். கீழே இடி ஓயவே இல்லை. ரிம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "இடிக்கட்டும், நல்லா இடிக்கட்டும்," என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள், இறங்கினாள். அன்று பதினோரு தடவை பிசகாமல் வந்தது. ஆத்திரத்தில் அதை அவள் கவனிக்கவே இல்லை.

புதன்கிழமை படிக்கட்டில் மத்வேய் ஒசிப்பவிச் குப்பை வாளியோடு எதிரே வந்தார். தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னவர், அவள் இடது காலை ஒரு முறை முறைத்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டே இறங்கிப் போனார்.

"குடியிருப்புக் கமிட்டிக்குப் புகார் எழுதிப் போடப் போறாரு," என்றான் அர்க்காஷா. "நாம ரெண்டு பேரும் வேலை செய்யற இடத்துக்கும் ஓலை வந்துடும்."

அன்றைக்கே ரிம்மா செருப்பைப் பெட்டியில் போட்டுப் பூட்டினாள். பதினாலு வயதில் அழுத அதே அழுகையைச் சமையலறையில் நின்று அழுதாள்.

சனிக்கிழமை காலை, ஆப்பிள் பணியாரம் ஒன்றைச் சுட்டு எடுத்துக்கொண்டு கீழே போனாள். கதவைத் திறந்தது அவர் மனைவி ஃபைனா மார்க்கவ்னா.

"மன்னிச்சுக்குங்க, ஃபைனா மார்க்கவ்னா. மூணு வாரமா உங்களைப் படுத்தி எடுத்துட்டேன். இனிமே சத்தமே வராது. ஆடறதை விட்டுட்டேன்."

ஃபைனாவின் முகம் வாடிப்போயிற்று. உள்ளறைக் கதவை மெல்லச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"அவர்கிட்ட அதைச் சொல்லிடாதீங்கம்மா; முப்பது வருஷம் பாலே தியேட்டர்ல மேளம் அடிச்சவரு, ரிட்டயர் ஆனப்புறம் உங்களுக்குத் தாளம் போட ஆரம்பிச்சதுல இருந்துதான் காலையில எழுந்து ஷேவ் பண்ணிக்கறாரு."