லாரிக்காரக் கரடியும் ஐந்து எறும்புகளும்

ஒரு காட்டில், தார்ச்சாலை வந்து சில வருடம் கழித்து, மொக்கையன் என்றொரு கரடி லாரி ஓட்டிக்கொண்டிருந்தது. அடிவாரத்திலிருந்து உப்பு ஏற்றிக்கொண்டு மேலே போகும். மேலேயிருந்து பலாப்பழம் ஏற்றிக்கொண்டு கீழே வரும். கிளீனர் ஒரு மரங்கொத்தி, பெயர் சின்னாண்டி. அது லாரியின் பக்கப் பலகையில் ஒரு கொத்து கொத்தினால் நில். இரண்டு கொத்தினால் போ. விடாமல் கொத்தினால் ரிவர்ஸ். வருடக்கணக்கில் பழகிப்போனதால், கொத்துச் சத்தம் மொக்கையனின் மூளைக்குப் போகாமல் நேராகக் காலுக்குப் போய்விடும்.

அந்தக் காட்டில் சிங்கம் போட்ட சட்டம் ஒன்று உண்டு. லோடு வண்டி ஓட்டுகிறவர்கள் வருடம் ஒருமுறை டாக்டரிடம் உடம்பைக் காட்டி, 'வண்டி ஓட்டத் தகுதியானவர்' என்று சான்றிதழ் வாங்க வேண்டும். சான்றிதழ் காலாவதியானால் லைசென்ஸும் செல்லாது. மொக்கையன் ஒரு வருடம்கூடத் தவறவிட்டதில்லை. மற்ற டிரைவர்கள் கடைசி நாள் தலைதெறிக்க ஓடும்போது, இது மட்டும் முன்கூட்டியே வாங்கி மடித்து வைத்திருக்கும்.

இந்த வருடம்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது. காரணம் இருந்தது. ஒருநாள் சாலையோரம் நின்ற கறையான் புற்றைப் பார்த்து வண்டியை நிறுத்தி, "என்ன மாப்ளே, இளைச்சுட்டே? வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று விசாரித்தது. பதில் இல்லை. ஏதோ கோபம் போலிருக்கிறது என்று காலடியில் ஒரு பலாப்பழத்தையும் வைத்துவிட்டு வந்தது.

"அண்ணே, அது புத்து" என்றது சின்னாண்டி, இரண்டு வளைவு தாண்டி.

"முன்னாடியே சொல்றதுக்கென்னடா?"

"நீங்க குடும்ப விசயம் பேசிட்டிருந்தீங்க. நடுவுல எப்படி வாயைக் குடுக்கிறது?"

பெண்சாதி இருந்திருந்தால் கண்ணில் புகை படர்ந்ததை முதல் நாளே சொல்லியிருக்கும். அது போய்ச் சேர்ந்து சில மழைக்காலம் ஆகிவிட்டது. இப்போது லாரியும் போய்விட்டால், காலையில் எழுந்து எங்கே போவது என்று மொக்கையனுக்குத் தெரியவில்லை.

"கவலைய விடுங்கண்ணே" என்றது சின்னாண்டி. "டாக்டர் சுவத்துல எறும்புப் படம் மாட்டியிருப்பாரு. எத்தனை எறும்புன்னு கேப்பாரு. நான் ஜன்னல் கட்டையில உக்காந்து அத்தனை கொத்து கொத்துறேன். காட்டுக்குள்ள மரங்கொத்தி கொத்துறதை எவன் சந்தேகப்படப் போறான்?"

டாக்டர் வில்வமூர்த்தி ஒரு தேவாங்கு. முகத்தில் பாதி கண், மீதி கண்ணாடி. மொக்கையனைச் சக்கரம் வைத்த நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்காரச் சொல்லிவிட்டு, அது பின்னால் மேசைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"முதல் வரியில எத்தனை எறும்பு?"

மொக்கையனுக்குச் சுவரே தெரியவில்லை. ஜன்னலில் டொக், டொக்.

"ரெண்டுங்க." வலது கால் தானாகத் தரையை அமுக்கியது.

"அடுத்த வரி?"

டொக்.

"ஒண்ணு." கால் பிரேக்கை மிதித்தது.

"கால் ஏன்யா ஆடுது?"

"பழக்கதோசம்ங்க."

"சரி, கடைசி வரியைச் சொல்லு."

கடைசி வரியில் ஐந்து எறும்பு. டொக், டொக், டொக், டொக், டொக்.

ஐந்து என்று சொல்ல வாய் திறந்ததென்னவோ உண்மை. ஆனால் சத்தம் காலுக்கல்லவா போகும்! மொக்கையன் கழுத்தைத் திருப்பி, இல்லாத கியரை இழுத்துப்போட்டு, நாற்காலியோடு ரிவர்ஸ் எடுத்தது. மேசை குடை சாய்ந்தது. டாக்டர் ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம் விழுந்தன. நாற்காலிச் சக்கரம் கண்ணாடியின்மேல் ஏறி நொறுக்கியது. அதற்குப் பிறகு சின்னாண்டி, கடமை தவறாமல், ஒரு கொத்து கொத்தியது.

போச்சு, இத்தோடு லாரிப் பிழைப்பு முடிந்தது என்று மொக்கையன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டது.

டாக்டர் தட்டுத் தடுமாறி எழுந்து, விரலை நீட்டிக் கத்தியது. "யோவ் மொக்கையா! உனக்குக் கண்ணு இருக்கா, இல்லையா?"

விரல் பீரோவைப் பார்த்து நீண்டிருந்தது.

பீரோ ஒன்றும் சொல்லவில்லை. "வாயைத் திறக்கிறானா பாரு, திமிரு!" என்று டாக்டர் பீரோவை இன்னும் கொஞ்சம் திட்டியது. பாதி குரலை வைத்தும் பாதி அனுபவத்தை வைத்தும் மொக்கையனுக்கு விசயம் விளங்கியது. மெதுவாகச் சொன்னது: "டாக்டர், நான் இந்தப் பக்கம் இருக்கேன்."

டாக்டர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டது.

"நாளைக்கு எனக்கே டெஸ்ட்டு இருக்குய்யா. சான்றிதழ் குடுக்கிற டாக்டர் கண்ணாடி போடாம பாஸாகணும்னு சட்டம். வெளிய சொல்லிடாதே. ஆமா, ஜன்னல்ல கொத்தினது உன் ஆளா?"

"கிளீனருங்க."

"நாளைக்கு வருவாரா?"

"வண்டியிலேயே கூட்டிட்டுப் போறேனுங்க."

முத்திரை குத்தவேண்டிய இடம் டாக்டருக்குத் தெரியவில்லை. சின்னாண்டி இரண்டு கொத்தியது, கை நகர்ந்தது. ஒன்று கொத்தியது, கை நின்று இறங்கியது. இத்தனை வருடத்தில் மொக்கையனின் சான்றிதழில் முத்திரை இவ்வளவு நேராக விழுந்ததே இல்லை.

மறுநாள் டாக்டர் லாரியின் முன்சீட்டில் உட்கார்ந்து தலைமை ஆபீசுக்குப் போனது. எதிரே என்ன வருகிறது என்று அதற்கும் தெரியாததால் பயமில்லாமல் போனது. மொக்கையன் லாரியை வாசலில் இன்ஜின் ஓட நிறுத்திவைத்துக் காத்திருந்தது. சின்னாண்டி பறந்துபோய் உள்ளே ஜன்னல் கட்டையில் இறங்கியது. அங்கே ஏற்கெனவே இன்னொரு மரங்கொத்தி.

"அட, இருளாண்டி மச்சான்! நீ எங்க இங்க?"

"பெரிய டாக்டர் வௌவால் இல்லையா, அவருக்குப் பகல்ல ஒண்ணும் தெரியாது. தேர்வுக்கு வந்தவரு சொன்னது சரியா தப்பான்னு நான்தான் கொத்திக் காட்டுறது. நீ கவலைப்படாதே, மாப்ளே. நீ எத்தனை கொத்தினாலும் நான் சரின்னே கொத்திடுறேன்."

முதல் வரியில் இரண்டு எறும்பு. சின்னாண்டி இரண்டு கொத்தியது. டாக்டர் பாஸ்.

வாசலில் மொக்கையனுக்கு இரண்டு கொத்து கேட்டது. லாரி கிளம்பியது.

டாக்டரும் இல்லை, கிளீனரும் இல்லை. நில் என்று கொத்த ஆளும் இல்லை. லாரி நேராகப் போய், அதே கறையான் புற்றைப் பாதியாக உடைத்துவிட்டு நின்றது. மொக்கையன் பதறி இறங்கி, "மன்னிச்சுக்க மாப்ளே, அடி பலமா?" என்று கண்ணீர் விட்டது.

செக்போஸ்ட் காட்டுப்பன்றி ஓடி வந்து சான்றிதழைக் கேட்டது. வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தது. நேற்றுத் தேதி. முத்திரை நேராக, தெளிவாக.

"டிரைவர் மேல தப்பே இல்லை" என்று கரடியின் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு, பன்றி புற்றின் பக்கம் திரும்பியது. "ஏய், உன் சான்றிதழ் எங்கே?"

புற்று அன்றும் பதில் சொல்லவில்லை. கேஸ் அதன் மேல் பதிவானது.

நீதி: சாலையோரம் நிற்பவர்கள் தங்கள் மருத்துவச் சான்றிதழை வருடாவருடம் புதுப்பித்துக்கொள்ள வேண்டும், ஓட்டுகிறவர்கள் புதுப்பித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.