டெமரேஜ் அண்ணாச்சியின் வலது முட்டு

எழுபதுகளில் தூத்துக்குடியில் அவசரப்பட்டுக் கல்யாணம் செய்தவர்கள், அவசரப்பட்டு வீடு மாறியவர்கள், அவசரப்பட்டு வேலையை விட்டவர்கள் எல்லோரையும் ஒரு மைதானத்தில் கூட்டி, உங்களை இதில் தள்ளியது யார் என்று கேட்டால், முக்கால்வாசிப் பேர் ஒரே ஆளைத்தான் கை காட்டுவார்கள். அவர் டெமரேஜ் அண்ணாச்சி.

துறைமுகத்தில் இறங்கிய சரக்கைக் கெடுவுக்குள் எடுக்காமல் போட்டுவைத்தால் தண்டம் கட்ட வேண்டும். அதற்குப் பெயர் டெமரேஜ். எங்கள் ஷிப்பிங் ஏஜென்சி ஆபீசில் தலைமை குமாஸ்தாவாக இருந்த அண்ணாச்சி அந்த வார்த்தையைத் துறைமுகத்தோடு விட்டுவைக்கவில்லை. கல்யாணமாகாத டைப்பிஸ்ட் எதிரே வந்தால், டெமரேஜ் ஓடிக்கொண்டிருக்கிறது என்பார். முடி வெட்டாமல் வந்தால் தலையில் டெமரேஜ். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று மத்தியானத்துக்குள் நான் தங்க வேண்டிய அறை, சாப்பிட வேண்டிய மெஸ், பிற்காலத்தில் பெண் எடுக்க வேண்டிய ஊர் எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டார். அறையில் மூட்டைப்பூச்சி. மெஸ்ஸில் தினமும் கத்தரிக்காய். அந்த ஊர்ப் பக்கம் நான் தலைவைத்துப் படுக்கவில்லை.

தன் முடிவுகளில் பிசகு இருந்ததாக அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. முடிவெல்லாம் சரிதான், அதை நிறைவேற்றிய ஆட்கள்தான் சரியில்லை என்பது அவர் கட்சி.

அவர் சொந்த ஊர் ஏரல். தூத்துக்குடிக்குக் குடிவந்தபோது தெருவில் நின்றபடியே ஒரு மாடி வீட்டை அண்ணாந்து பார்த்து, கடல் காற்று நன்றாக வரும் என்று அந்த இடத்திலேயே பேசி முடித்திருக்கிறார். காற்று வந்தது. தண்ணீர் வரவில்லை. குழாய் தெருவில் இருந்தது. அவர் மனைவியை நாங்கள் மதினி என்று கூப்பிடுவோம். மதினி குடம் குடமாகத் தண்ணீரை மாடிக்குச் சுமந்தார். அண்ணாச்சி காற்று வாங்கினார்.

பழைய துறைமுகத்தில் கப்பல்கள் தூரத்தில் கடலிலேயே நிற்கும், சரக்கு தோணியில் கரைக்கு வரும். புதுத் துறைமுகம் வந்த பிறகு கப்பல் கரையை ஒட்டி வந்து நின்றது. கேப்டனிடம் கையெழுத்து வாங்கக் கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் ஏணியில் ஏறிப் போக வேண்டும். தன்னைத் தவிர வேறு யார் போனாலும் கேப்டன் பேனாவைத் திறக்க மாட்டான் என்பது அண்ணாச்சியின் நம்பிக்கை. ஒருநாள் பாதி ஏணியில் அவருடைய வலது முழங்கால் மூட்டு பூட்டிக்கொண்டது. மேலே போகவும் முடியவில்லை, கீழே வரவும் முடியவில்லை. கடைசியில் கப்பல்காரர்கள் இரண்டு பேர் அவரைச் சீமைச் சாமான் பெட்டியை இறக்குவதுபோலப் பதனமாக இறக்கிவைத்தார்கள். ஏணியைக் கோணலாக மாட்டியிருக்கிறான் என்றார் அண்ணாச்சி.

அதன்பின் அந்த மூட்டுதான் எங்கள் ஆபீசின் தலைப்புச் செய்தி. வலிக்குக் காரணம் முதலில் உருளைக்கிழங்கு, அப்புறம் உப்புக் காற்று, கடைசியில் மேனேஜர். ஏரலிலிருந்து ஒரு தைலம் வந்தது. அதன் வாடை தாங்காமல் மேனேஜர் தன் மேஜையை ஜன்னலோரம் நகர்த்திக்கொண்டார். உப்பை வறுத்து ஒத்தடம் கொடுத்ததில் மூட்டு அப்படியே இருந்தது, மேல்தோல் மட்டும் கழன்றது. மாப்பிள்ளையூரணியில் யாரோ சொன்னார்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்கரைச் சுடுமணலில் இரண்டு கால்களையும் இடுப்புவரை புதைத்துக்கொண்டு, குடையை விரித்துப் பிடித்தபடி தூங்கிவிட்டார். அலை ஏறி மணல் இறுகிவிட்டது. வலைக்காரர்கள் இரண்டு பேர் துடுப்பால் தோண்டி எடுத்தார்கள். உம்மை யார் இப்படிப் புதைத்தது, போலீசுக்குச் சொல்லணுமா என்று அதில் ஒருவர் அக்கறையோடு விசாரித்தாராம். மறுநாள் ஆபீசில், நேற்றைக்குக் கடல் முன்னாலேயே வந்துவிட்டது என்று கடல் மேல் புகார் சொன்னார்.

வேறு வழியில்லாமல் பாளையங்கோட்டையில் ஓர் எலும்பு டாக்டரிடம் போனோம். துணைக்கு நான். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு விளக்கினார். மூட்டின் உட்பக்கம் தேய்ந்து கால் வளைந்துவிட்டது. மூட்டுக்குக் கீழே எலும்பைக் கொஞ்சம் வெட்டி எடுத்து நேராக்கலாம். இரண்டு மாதம்போல மாவுக்கட்டு. வலி நன்றாகக் குறையும், ஆனால் புதுக்கால் ஆகிவிடாது. உடம்பு எடையைக் குறைத்து, கம்பு ஊன்றி, இப்படியே ஓட்டினாலும் ஓட்டலாம்.

"அப்ப நான் என்ன செய்யணும்?" என்றார் அண்ணாச்சி.

"அதை நீங்கதான் முடிவு பண்ணணும்."

அண்ணாச்சியிடம் அதுவரை யாரும் அப்படி ஒரு கொடுமையான வார்த்தையைச் சொன்னதில்லை. முகம் வெளுத்துவிட்டது. உங்க அப்பாவாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று மடக்கினார். டாக்டர் சிரிக்காமல் சொன்னார்: "எங்க அப்பாவுக்கும் இதே மூட்டுதான். செய்யுங்கன்னு சொன்னேன். முடியாதுன்னுட்டார்."

ஊருக்கெல்லாம் அரை நிமிஷத்தில் தீர்ப்புச் சொன்ன மனிதர் அன்றிலிருந்து ஊரெல்லாம் பிச்சை கேட்பதுபோல அபிப்பிராயம் கேட்க ஆரம்பித்தார். கிரேன் ஓட்டுகிறவர், கஸ்டம்ஸ் பியூன், டீக்கடைக்காரர், பஸ்ஸில் பக்கத்து சீட்டு ஆசாமி, ஒருவரையும் விடவில்லை. ஒரு கிரேக்கக் கேப்டனிடம் என் ஓட்டை இங்கிலீஷ் வழியாகக் கேட்டார். கேப்டன் பேண்டைச் சுருட்டித் தன் முழங்காலில் இருந்த தழும்பைக் காட்டி, நல்லது, ஆனால் மேகம் போட்டால் வலிக்கும் என்றார். அண்ணாச்சி உடனே வானத்தைப் பார்த்தார்.

என்னிடம் தினம் ஒரு தடவையாவது கேட்பார். செய்துவிடுங்கள் என்றால், "ஏலே, நான் மேசையிலயே போயிட்டா நீயா வந்து பதில் சொல்லுவ?" என்பார். சரி வேண்டாம் என்றால், "நான் நொண்டிக்கிட்டு அலையதுல ஒனக்கு அம்புட்டு சந்தோசமா?" என்பார்.

சாகுபுரம் தொழிற்சாலையில் ஒரு போர்மேன் இதே ஆபரேஷன் செய்துகொண்டவர் என்று கேள்விப்பட்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். முன்பின் தெரியாத அந்த மனிதரை வாசலில் நடக்கவிட்டு, திரும்பவிட்டு, படி ஏறவிட்டு, குனிந்து கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்து, மாட்டுச் சந்தையில் காளை பிடிக்கிற மாதிரி சோதித்தார். பல்லை மட்டும்தான் பார்க்கவில்லை. போர்மேன் மனைவி டீ கொண்டுவந்தவர், இதைப் பார்த்துவிட்டு டீயோடு உள்ளே திரும்பிவிட்டார். தனக்கு ஒரு குறையும் இல்லை, தரையில் சம்மணம் போட்டு உட்கார மட்டும் முடியாது என்றார் போர்மேன். போதாதா? கல்யாணப் பந்தியில் இனி எப்படி உட்காருவது என்று திரும்பி வரும் பஸ் முழுக்க, இன்னும் யாரும் கூப்பிடாத கல்யாணங்களை நினைத்து அண்ணாச்சி துக்கப்பட்டுக்கொண்டு வந்தார்.

முடிவைச் சொல்ல வேண்டிய நாள் வந்தது. இந்தத் தடவை பிளாஸ்க்கையும் பையையும் தூக்கிக்கொண்டு மதினியும் வந்தார். டாக்டர் அறையில் அண்ணாச்சி பந்தி, மேகம், கிரேக்கக் கேப்டன் என்று வரிசையாகத் தன் சந்தேகங்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். டாக்டர் பார்வை அவர் மேல் இல்லை. ஓரத்து ஸ்டூலில் இருந்த மதினி எழுந்திருக்க முயன்று, சுவரைப் பிடித்து, பல்லைக் கடித்து நின்றதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு எவ்வளவு நாளா இப்படி இருக்கு?" என்று மதினியைக் கேட்டார்.

"அவளுக்கு ஒண்ணுங் கெடையாது டாக்டர். வயசு" என்று அண்ணாச்சி பதில் சொன்னார்.

டாக்டர் மதினியைப் படம் எடுக்க அனுப்பினார். பிறகு இரண்டு படங்களையும் விளக்கில் பக்கம் பக்கமாக மாட்டினார். எனக்கே வித்தியாசம் தெரிந்தது. அண்ணாச்சியின் மூட்டு பரவாயில்லை. மதினியின் மூட்டில் எலும்போடு எலும்பு உரசிக்கொண்டிருந்தது. தன்னுடையதைவிட மோசமான முட்டு ஒன்று தன் வீட்டிலேயே சத்தமில்லாமல் தண்ணீர் சுமந்துகொண்டிருந்ததை அண்ணாச்சியால் உடனே ஏற்க முடியவில்லை. பெயர் மாறிப் போயிருக்கும், சரியாகப் பாருங்கள் என்றார். டாக்டர் அவருக்குப் பதில் சொல்லாமல், அவரிடம் முன்பு சொன்ன எல்லாவற்றையும் மதினிக்கு ஒருமுறை சொன்னார்.

மதினி கேட்டது ஒன்றுதான். "செஞ்சா மாடிப்படி ஏறலாமா?"

"மெதுவா ஏறலாம். ஆனா தரையில உட்கார முடியாதும்மா."

"தரையில உக்காந்து நான் என்னத்தக் கண்டேன்? என்னைக்கு வரணும்னு சொல்லுங்க டாக்டர்."

அண்ணாச்சி பதறிப்போய், நாலு பேரைக் கேட்க வேண்டாமா என்றார்.

"நீங்க கேட்ட நாலு பேரும் ஒங்க முட்டப் பத்தித்தான சொன்னாக" என்றார் மதினி. "என் முட்டு எனக்குத் தெரியும்." பையையும் பிளாஸ்க்கையும் எடுத்து அண்ணாச்சி மடியில் வைத்துவிட்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அன்றைக்கு அண்ணாச்சி வராந்தாவில் உட்கார்ந்திருந்த இருப்பை நான் பார்த்தேன். என்னிடம்கூட ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வார்டு மாடியில் இருந்தது. லீவு போட்டுவிட்டு, காலையும் மாலையும் கஞ்சித் தூக்குவாளியோடு, கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார். படி கோணல் என்று ஒருநாளும் புகார் சொல்லவில்லை. கட்டோடு மதினி வீட்டுக்கு வந்த பிறகு சமையலும் அவர் தலையில்தான். மதினி கட்டிலில் படுத்தபடி உத்தரவு போட, அவர் வைத்த குழம்பை ஒருநாள் நானும் சாப்பிட்டேன். என் பழைய மெஸ்காரரை மனதார மன்னித்தேன். தெருக்குழாயில் அவர் குடத்தோடு வரிசையில் நின்றதைப் பார்க்க எங்கள் ஆபீஸ் ஆட்கள் சிலர் வேண்டுமென்றே சுற்றுவழியில் வந்தார்கள். இரண்டு குடம் மேலே போனதும், இந்த வீடு சரியில்லை என்று அண்ணாச்சி முதன்முறையாக ஒப்புக்கொண்டார். கட்டு பிரித்த பிறகு கீழ்வீடு பார்த்தார்கள். இந்த முறை தேர்வு மதினியுடையது. அவர் ஒவ்வொரு வீடாக வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அண்ணாச்சி கம்பை ஊன்றிக்கொண்டு பின்னாலேயே போனார்.

மதினியின் கால் நேரானது. குளிர் நாளில் கொஞ்சம் வலிக்கும் என்பார், அவ்வளவுதான். அண்ணாச்சி கடைசிவரை ஆபரேஷன் செய்துகொள்ளவில்லை. கப்பல் ஏறும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். கேப்டன்கள் எனக்கும் பேனாவைத் திறந்தார்கள். அவரிடம் நான் அதைச் சொல்லவில்லை.

ரிட்டயரானதும் ஏரலுக்கே போய்விட்டார்கள். எப்போது போனாலும் மதினி கடைவீதிக்கோ ஆற்றுக்கோ போயிருப்பார். அண்ணாச்சி நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து, என்னைப் பார்த்ததும் வலது மூட்டைத் தடவிக்கொண்டே கேட்பார்: "செய்யலாங்கியா, வேண்டாங்கியா?" ஒருமுறை செய்யுங்கள் என்பேன், மறுமுறை வேண்டாம் என்பேன். எதைச் சொன்னாலும் மதினி திரும்பி வரும்வரை என்னோடு சண்டை போடுவார்.

அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிவிட்டது. என் பேச்சை ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் என் அபிப்பிராயத்தை அத்தனை தடவை கேட்ட மனிதர் அதன்பின் எனக்கு யாரும் வாய்க்கவில்லை.