மூன்றாம் வாயிலைத் திறக்கும் அதிகாரம்

“சாவி கீது. தெறக்கற அதிகாரம்தான் இல்ல” என்று அப்பாவு இடுப்பில் தொங்கிய கொத்தைத் தட்டிக் காட்டினார்.

“இன்னாண்ணா இது? திங்கக்கெழம எம் பொண்ணு பிரின்சிக்குக் கல்யாணம். பொண்ணு பேண்டு வெச்சினு நடந்துதானே சர்ச்சுக்குப் போவணும்? நம்ம காலனில எந்தப் பொண்ணு வண்டில போயிருக்கு?” என்றாள் ரோசம்மாள்.

“ஹைவே சுத்தி நடந்து போங்களேன்.”

“கன்டெய்னர் லாரிக்கு நடுவுலயா? அப்புறம் மாப்ள தாலிய யாருக்குக் கட்டுவான்?”

அப்பாவு அவளுடைய தெருக்காரர். தொழிற்பேட்டையின் மூன்றாம் வாயிலில் காவல்காரர். காலனிக்கும் சர்ச்சுக்கும் நடுவிலிருந்த அந்த வாயில், பொதுமக்களின் நன்மை கருதிப் பொதுமக்களுக்கு மூடப்பட்டிருந்தது. சட்டப்படி அதைத் திறக்கச் சொல்லும் அதிகாரம் மாநிலத்தில் ஒரே ஒருவருக்குத்தான் உண்டு: தொழிற்பேட்டை வழிகள் துறை அமைச்சருக்கு.

அமைச்சரோ அண்மையில் ஒரு கடற்கரை விடுதியில் தலைமைப் பண்பு முகாமில் கலந்துகொண்டு திரும்பியிருந்தார். நல்ல தலைவன் எதையும் தானே செய்வதில்லை என்று அங்கே படம் போட்டு விளக்கினார்கள். அது அவருக்கு முன்பே தெரியும். அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருப்பதுதான் புதிது. வந்தவுடன் வாயில் திறக்கும் அதிகாரத்தைச் செயலருக்கு முழுமையாக ஒப்படைத்தார். செயலரும் அதே முகாமுக்குப் போனவர்.

ரோசம்மாள் திருவள்ளூருக்குப் போனாள். சென்னையிலிருந்து மாவட்ட அலுவலகத்துக்கு வந்த அதிகாரம், மேஜையில் வைத்த டீ ஆறுவதற்குள் கும்மிடிப்பூண்டிக்குக் கிளம்பிவிட்டிருந்தது. அவள் பஸ் மாறி அதன் பின்னால் வந்தாள். வட்டார அலுவலர் சந்திரமோகன் அவளை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, முழுவதும் கேட்டார்.

“ரொம்ப நியாயமான கோரிக்கைம்மா. ஆனா அதிகாரம் எங்கிட்ட இல்லயே.”

“எப்ப சார் போச்சு?”

“இப்பதான். கையெழுத்து கூட இன்னும் காயல. வாயில் பொறுப்பாளருக்குக் குடுத்தாச்சு. நீங்க அந்தப் பக்கம்தானே போறீங்க? கையோட இதையும் குடுத்துடுங்க.”

வாயில் பொறுப்பாளர் என்றால் அப்பாவு. ரோசம்மாள் வழியெல்லாம் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே வந்து, அதிகாரத்தை அவர் கையில் வைத்தாள்.

அப்பாவு இரண்டு முறை படித்தார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

“மனு எழுதிக் குடுங்க.”

“இன்னாது, குடுங்களா? காலைல வரிக்கும் ரோசுன்னு கூப்ட்டுக்கினு இருந்தியே.”

“அது வேற. தெரிஞ்சவங்கன்னு தெறந்தா நாளைக்கு ஆடிட்ல மாட்டிக்குவேன். மனுவ தகுதி அடிப்படைல பரிசீலிக்கறேன்.”

“நேத்து எங்க ஊட்டு மீன் கொழம்ப வழிச்சி நக்குனியே, அது இன்னா அடிப்படைல?”

“அதெல்லாம் மனுல எழுதிடாதீங்க.”

மனு பரிசீலனையில் இருக்கும்போதே திங்கட்கிழமை வந்துவிட்டது.

முன்னால் பேண்டு செட், பின்னால் வெள்ளைப் புடவையில் பிரின்சி, அவளுக்குப் பின்னால் காலனி. பாஸ்டர் இரண்டு தடவை போன் செய்துவிட்டார். அடுத்து வள்ளூரில் இன்னொரு கல்யாணம் இருக்கிறது, நேரமானால் காத்திருக்க முடியாது என்று. பூட்டிய இரும்புக் கதவுக்கு முன்னால் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அப்பாவு உட்கார்ந்திருந்தார்.

அப்போது ஊர்வலத்துக்குப் பின்னால் ஹாரன் கேட்டது. ஹைவேயில் லாரி கவிழ்ந்ததால் உள்வழியாகத் திரும்பிய அமைச்சரின் கார். சந்திரமோகன் முன் சீட்டிலிருந்து குதித்து ஓடிவந்தார்.

“யோவ், மினிஸ்டர்யா! கேட்டத் தெற!”

“மனு இருக்கா சார்?”

அமைச்சரே இறங்கி வந்தார். “யாருன்னு தெரியுதாப்பா?”

அப்பாவு எழுந்து நின்றார். “தெரியும் ஐயா. இதுக்கு முன்னாடி இந்த அதிகாரத்த வெச்சினு இருந்தவரு.”

சந்திரமோகனுக்கு வேர்த்தது. ஆனால் அமைச்சரின் கண் கலங்கிவிட்டது. “பாத்தீங்களா? அதிகாரம் எவ்வளவு கீழ வரைக்கும் போய்ச் சேந்திருக்கு! இதைத்தான் முகாம்ல சொன்னாங்க!” உதவியாளர்கள் படம் எடுத்தார்கள்.

“ஐயா, பொண்ணுக்கு நேரமாவுது” என்றாள் ரோசம்மாள்.

“ஒரு சிக்கல் கீது” என்றார் அப்பாவு. “இந்தம்மா எங்க தெரு. தெறந்தா சலுகைம்பாங்க. ஐயா பெரிய எடம். தெறந்தா பயந்துட்டான்ம்பாங்க. பொறுப்பாளர் நடுநிலையா இருக்க முடியலன்னா, தகுதியும் முன் அனுபவமும் உள்ளவருக்கு அதிகாரத்த ஒப்படைக்கலாம்னு ஆர்டர்ல போட்டுக்கீது.” கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். “இங்க முன் அனுபவம் உள்ளவரு ஐயா ஒருத்தர்தான்.”

காரின் பானெட் மேல் வைத்து எழுதி, கையெழுத்திட்டு, சாவிக்கொத்தையும் சேர்த்து அமைச்சரிடம் பணிவோடு கொடுத்தார். காலனியே ஆரவாரம் செய்தது. அதிகாரம் உள்ளவரின் கையில் சாவி. சாவி உள்ளவரின் எதிரில் பூட்டு. அமைச்சர் பூட்டைப் பார்த்தார். ஓர் அடி எடுத்து வைத்தார். நின்றார்.

“நானே தெறந்துட்டா, நான் கத்துக்கிட்டதுக்கு என்னய்யா அர்த்தம்?”

பேனாவை வாங்கினார். அதே தாளின் கீழே, செயலருக்கு முழுமையாக ஒப்படைப்பதாக எழுதினார். அதிகாரப் பகிர்வின் அவசியத்தைப் பற்றிக் கூட்டத்தைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். பேண்டு செட் மரியாதைக்காக வாசிப்பை நிறுத்தியது. இடைவெளி விட்ட இடங்களில் எல்லோரும் கை தட்டினார்கள். ரோசம்மாளும் தட்டினாள்.

பிரின்சி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். காலியாக இருந்த சிவப்பு நாற்காலியைக் கதவோரம் நகர்த்தி, புடவையைச் சற்றுத் தூக்கிச் செருகி, அதன் மேல் ஏறினாள்.