சாட்சிக்கு ஒரு புழு

நாற்பது கத்திரிக்காயை நறுக்கிப் பார்த்தாகிவிட்டது. ஒன்றில்கூடப் புழு இல்லை.

விருமாண்டி அரிவாளைக் கீழே வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். முப்பது வருஷ விவசாயத்தில் காயில் புழு விழுந்துவிட்டதே என்று கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்ததுண்டு. விழவில்லையே என்று உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

"ஒண்ணுகூடவா இல்லண்ணே?" என்றார் சித்தார்த்.

"ஒரு ஓட்டை இருந்துச்சு சார். அது நான் குத்தினது."

சித்தார்த் தாடியைத் தடவினார். வாடிப்பட்டிக்கு மேற்கே இருந்த அந்த இரண்டு ஏக்கர் இயற்கைப் பண்ணைக்கு அவர்தான் முதலாளி. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டுத் தாடியும் கைத்தறி ஜிப்பாவுமாக ஊர் திரும்பியவர். மண்ணோடு பேசுவதாக வீடியோ போடுவார். மூன்று வருஷத்தில் பதினோரு தடவை மண்ணைக் கையால் தொட்டிருக்கிறார். பதினோரு தடவையும் எதிரே கேமரா இருந்தது.

"போன மாசம் வந்தவங்க என்ன சொன்னாங்க, ஞாபகம் இருக்கா? 'காய் இம்புட்டு மினுக்கா இருக்கே, மருந்து அடிக்காம எப்படி வரும்'னு மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டுப் போனாங்க. நாளைக்கு மதுரையிலேருந்து எட்டுக் குடும்பம் வருது. இந்தப் புரட்டாசியில எட்டுக் குடும்பமும் வாராவாரம் காய்க்கூடை வாங்க ஒத்துக்கிட்டா பண்ணை நிக்கும். இல்லன்னா, நானும் எத்தனை நாளைக்குண்ணே இழுத்துப் பிடிக்கிறது? புரோக்கர் தினமும் போன் பண்றான்."

புரோக்கர் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் விருமாண்டி காலடி மண்ணைப் பார்த்தார்.

அது அவர் அப்பன் உழுத நிலம். கால்வாயில் தண்ணீர் வராத இரண்டு வருஷத்தில் கையை விட்டுப் போனது. அப்போதே சுற்றியிருந்த வயலெல்லாம் பிளாட்டாகி, மஞ்சளும் சிவப்புமாகக் கல் நட்டாயிற்று. புரோக்கர்கள் கூடுதல் விலையோடு வந்து நின்றபோதும் விருமாண்டி கொடுக்கவில்லை. சித்தார்த்துக்குத்தான், குறைந்த விலைக்குக் கொடுத்தார். ஒரு பிடி மண்ணை அள்ளி நெஞ்சில் வைத்து, "இதுல ஒரு செங்கல் விழாதுண்ணே" என்று சித்தார்த் சத்தியம் செய்திருந்தார். அன்றைக்கும் கேமரா இருந்தது.

இப்போது அதே நிலத்தில் விருமாண்டியும் அவர் மனைவி முத்துத்தாயும் தினக்கூலி. பத்திரம் யார் பெட்டியில் இருந்தால் என்ன, பச்சை கண்ணெதிரே இருக்கிறதல்லவா என்று அவர் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தார்.

ஆடியில் நட்ட கத்திரியைப் புருஷனும் பெண்டாட்டியுமாகக் குழந்தை மாதிரி வளர்த்தார்கள். விடிந்ததும் ஒவ்வொரு செடியாகக் குனிந்து, வாடிய நுனிக்குருத்தைக் கிள்ளி எரிப்பார்கள். இஞ்சியும் பூண்டும் மிளகாயும் அரைத்துக் கரைத்துத் தெளிப்பார்கள். புழு வந்த வழியே திரும்பிப் போயிற்று. வேலையைச் சுத்தமாகச் செய்ததுதான் வினையாகப் போயிற்று.

"ஒரு யோசனை சார்," என்றார் விருமாண்டி. "ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஜெயபாண்டி தோட்டத்துல சொத்தைக் காய் கிடைக்கும்."

"அவர் மருந்து அடிக்கிறவராச்சே?"

"அதனாலதான் கிடைக்கும்."

ஜெயபாண்டி வரப்பில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"சொத்தையா? எம்புட்டு வேணும் மாப்ள? ரெண்டு சாக்கு போதுமா?"

"வாரத்துக்கு ரெண்டு அடி அடிக்கிறியே, உன் காயில எப்படிய்யா புழு?"

"அடிக்க அடிக்க அதுக்கு உடம்பு தேறுது. எனக்குத்தான் கண்ணு எரியுது. நேத்துக்கூட அடிச்சேன். மேல மருந்து, உள்ள புழு, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு தொந்தரவு இல்லாம இருக்கு. ஆமா, சொத்தை உனக்கு எதுக்கு?"

"எங்க தோட்டத்துல மருந்தே அடிக்கலைன்னு காட்டுறதுக்கு."

ஜெயபாண்டி சிரிக்கவில்லை. பீடியை வரப்பில் தேய்த்து அணைத்தார்.

"கொண்டு போ. ஆனா வாயில வச்சுராத மாப்ள. இது புது மருந்து. பத்து நாளைக்குத் திங்கக் கூடாதுன்னு டப்பாவுல போட்டிருக்கான்."

"அப்ப நீ எப்ப மார்க்கெட்டுக்கு ஏத்துவ?"

"நாளைக்கு."

சாக்கு வந்து சேர்ந்ததும் சித்தார்த்துக்கு முகம் மலர்ந்தது. ஆனால் கூடையில் கிடக்கிற சொத்தையை எவன் நம்புவான்? செடியில் தொங்கினால்தான் நம்புவார்கள். முத்துத்தாய் வாழைநாரைக் கிழித்து, ஒவ்வொரு செடியிலும் இரண்டு இரண்டு காயாகக் கட்டினாள்.

"என் கல்யாணத்துக்குக்கூட இம்புட்டுத் தோரணம் கட்டல," என்றாள்.

கட்டி முடித்த பிறகுதான் வாடை தெரிந்தது. பாத்தி முழுக்கப் பூச்சிமருந்து வாடை. தண்ணீர் ஊற்றினால் இன்னும் கிளம்பியது. சித்தார்த் யோசித்து, தொட்டியில் ஊறிக்கிடந்த பஞ்சகவ்யத்தை எடுத்துக் காய் காயாகப் பூசச் சொன்னார். சாணமும் கோமியமும் தயிருமாக மூன்று வாரம் நொதித்த சரக்கு. மருந்து வாடை அடங்கியது. வாடிப்பட்டி வட்டாரத்து ஈக்கள் அத்தனையும் வந்து இறங்கின.

மறுநாள் காலையில் ஈயை ஓட்ட நான்கு மூலையிலும் சாம்பிராணி போட்டார்கள். புகைக்கு நடுவே ஈ ரீங்காரமிட, முத்துத்தாய் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள்.

"சங்கு மட்டும்தான் ஊதலை."

"ஈ இருந்தா நல்லதுதாங்க்கா," என்றார் சித்தார்த். "பல்லுயிர்ப் பெருக்கம்னு சொல்லிக்கலாம்."

பத்து மணிக்கு வேன் வந்தது. அது வளைவில் திரும்புகிற வரைக்கும் சித்தார்த் காலில் செருப்பு இருந்தது. பிறகு வெறுங்காலோடு போய்க் கும்பிட்டார். "இந்த மண்ணுக்கு நான் முதலாளி இல்லைங்க, மகன்" என்று ஆரம்பித்து இருபது நிமிஷம் பேசினார். அந்த மண்ணில் பிறந்தவர் பின்னால் நின்று அவருக்குக் குடை பிடித்தார்.

வந்தவர்களில் பழங்காநத்தத்துக்காரர் ஹரிஷ்குமார் மட்டும் எதையும் நம்பாத முகத்தோடு இருந்தார். மனைவி இந்துப்ரியா ஒவ்வொரு செடியையும் போட்டோ எடுக்க, அவர் விருமாண்டியைத் தனியாக ஓரங்கட்டினார்.

"தண்ணி எத்தனை அடியிலண்ணே?"

"கிணத்துல இருபது அடியில கிடக்கு சார். நல்ல தண்ணி."

"மெயின்ரோட்டுக்கு எம்புட்டு தூரம்?"

"நடந்தா பத்து நிமிசம். பஸ் அடிக்கடி உண்டு."

வாராவாரம் நேரில் வந்தே கூடை வாங்குகிற ஆசாமி போலிருக்கிறது என்று விருமாண்டிக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்னொருவர் போனை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றினார்.

"அந்த வரப்புல ஏறுங்க சார், டவர் நல்லா கிடைக்கும்," என்று அவருக்கும் உதவி செய்தார்.

சித்தார்த் ஒரு காயைப் பறித்து எல்லோரும் பார்க்க இரண்டாகப் பிளந்தார். கொழுத்த புழு ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது.

"விஷம் இருந்தா இது உயிரோட இருக்குமாங்க?"

கைதட்டினார்கள். புழு உள்ளே போய்விட்டது.

இந்துப்ரியா ஒரு காயை இழுத்தாள். நாரோடு வந்தது.

"இது ஏன் கட்டியிருக்கு?"

"காய் பாரத்துக்குச் செடி ஒடிஞ்சிரும் தாயி. அதான் முட்டுக் கட்டு," என்றாள் முத்துத்தாய், கண்ணைச் சிமிட்டாமல்.

இந்துப்ரியா சமாதானமானாள். காயைத் துப்பட்டாவில் துடைத்தாள்.

"சார் வீடியோவுல சொன்னாரே, இயற்கையா விளைஞ்சதைச் செடியிலேருந்து பறிச்சு அப்படியே பச்சையா கடிக்கலாம்னு. நான் கடிக்கிறேன், எடுங்க," என்று கணவரிடம் சொல்லிவிட்டு வாயருகே கொண்டுபோனாள்.

விருமாண்டி குடையைப் போட்டுவிட்டுப் பாய்ந்து காயைப் பிடுங்கினார்.



"ஏன் பிடுங்குனீங்க?" என்றார் ஹரிஷ்குமார். "அப்ப மருந்து அடிச்சிருக்கு. அப்படித்தானே?"

எட்டு போன்கள் ஒன்றாக உயர்ந்தன. சித்தார்த் வானத்தைப் பார்த்தார், மேகத்தோடு பேசுகிறவர் மாதிரி.

விருமாண்டி திரும்பிப் பார்த்தார். வேலிக்கு அப்பால் மஞ்சளும் சிவப்புமாகக் கற்கள் வரிசையில் நின்றன. இவர்கள் வேனில் ஏறிவிட்டால் சாயங்காலமே புரோக்கர் வந்துவிடுவான்.

"மருந்தெல்லாம் இல்ல சார். சொத்தைக் காய் அது. உள்ள புழு இருக்கும். பட்டணத்துப் பிள்ளை பயந்துக்கிருமேன்னு பிடுங்கினேன். நாங்கன்னா திம்போம்."

"அப்ப நீங்க தின்னு காட்டுங்க."

முத்துத்தாய் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். விருமாண்டி அவளைப் பார்க்காமல் கடித்தார்.

சாணம் முதலில் வந்தது. அப்புறம் நாக்கு நுனி மரத்துப்போயிற்று. அதற்கப்புறம் வந்தது எதுவென்று அவர் யோசிக்கவில்லை. பாதிக் காயை மென்று விழுங்கினார். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது.

"எப்படிண்ணே இருக்கு?" என்றார் சித்தார்த், கேமராப் பக்கம் திரும்பி.

"இனிக்குது சார்."

கண்ணில் தண்ணீரைப் பார்த்ததும் இரண்டு பேர் "மண்ணு பாசம்" என்று சொல்லி மூக்கை உறிஞ்சினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள்.

முத்துத்தாய் அவரைக் கிணற்றடிக்கு இழுத்துப்போய், உப்புத் தண்ணீரைக் குடிக்க வைத்து முதுகில் குத்தினாள். வயிற்றில் கிடந்தது அத்தனையும் வெளியே வந்தது.

"கிறுக்குப் பிடிச்ச மனுசா, இந்த நெலந்தான் நம்மளுது இல்லையே. அதுக்குப் போயி உசுரைக் குடுப்பியா?"

"நம்மளுது இல்லைன்னாலும் நெலமா இருக்கட்டும்டி," என்றார் விருமாண்டி. வாயைக் கழுவினார். "நீ போயி அவுக மூஞ்சியப் பாத்துட்டு வா. நம்பிட்டாகளான்னு சொல்லு. ஆஸ்பத்திரிக்கு அப்புறம் போவோம்."

அவள் போக வேண்டியிருக்கவில்லை. ஹரிஷ்குமாரே கிணற்றடிக்கு வந்தார். விருமாண்டியின் ஈரக்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இப்போது அவர் முகத்தில் சந்தேகத்தின் சாயல்கூட இல்லை.

"மன்னிச்சிருங்கண்ணே, விஷம் படாத மண்ணுன்னு சார் சொன்னதைக் காலையில வர்றப்ப நான் நம்பலை. நீங்க கடிச்சதைப் பாத்துட்டு எட்டுக் குடும்பமும் இப்பவே அட்வான்ஸ் குடுத்துட்டோம். இந்தக் கிணத்தை மூடிட்டா வர்ற மூணாம் நம்பர் பிளாட்டு எங்களுக்கு."