கோவளத்தில் கிழங்கான் இல்லை

ஆழங்குறைந்த கடலோர மீனினங்களின் வாழ்விட ஆய்வு அலுவலர் என்பது அடியேனின் பதவி. சொல்லி முடிப்பதற்குள் ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல் இரண்டு தடவை மாறிவிடும். ஆபீசும் அங்கேதான், கடல் காற்றே எட்டாத ஒரு மாடியில். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் என் முழங்கால் நனைந்தது, மழை வெள்ளத்தில் எங்கள் தெருவில்தான்.

போன மாசம் ஓர் உத்தரவு வந்தது. கோவளத்தில் ஒரு துண்டுக் கரையில் உல்லாசப் படகுத்துறை கட்டப் போகிறார்கள். அங்கே கிழங்கான் மீன் இருந்தால் துறை கிடையாது. இல்லையென்றால் கருங்கல் கொட்டலாம். அந்தத் தண்ணீரில்தான் அந்தக் கரையில் குடியிருக்கும் மீன்காரி தாயாரம்மாளின் வீட்டுக்காரர் வலை வீசுகிறார், அவள் விற்கிறாள். அது போனால் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியாது.

கிழங்கானைப் பற்றி நான் நாற்பது பக்கம் எழுதியவன். மணல் தரையுள்ள இடுப்பளவுத் தண்ணீரில் இருக்கும், மணலைக் கிளறிப் புழுவும் சின்ன இறாலும் தின்னும், காலடி அதிர்ந்தால் சட்டென்று மணலுக்குள் புதைந்துகொள்ளும். எல்லாம் மனப்பாடம்.

ஆய்வுக்குப் பதினாலு பேர் போனோம். ஆள் குறைந்தால் ஃபோட்டோவில் ஆய்வு மாதிரியே தெரியாது என்பது எங்கள் மேலதிகாரி ராஜகோபாலன் சாரின் கொள்கை. எல்லோருக்கும் ஒரே கலர் டீ-ஷர்ட், கம் பூட்ஸ், 'கடலோடு கைகோர்ப்போம்' பேனர். தண்ணீரில் வரிசையாக நின்று, மைக்கில் உறுதிமொழி எடுத்து, தடதடவென்று நடந்தோம்.

ஊர்க்காரர்கள் உள்ளே வராமலிருக்க நாங்கள் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து தாயாரம்மாள் கத்தினாள். "இன்னா சார் இப்டி மிதிக்கிறீங்க? மீனு மண்ணுக்குள்ள பூந்துகினு கீது. அர மணி நேரம் அசையாம நில்லுங்க, அதுவா வரும்!"

"படிவத்துல பத்து நிமிஷம்னுதான் இருக்கும்மா" என்றார் சார்.

"அது மீனுக்குத் தெரியுமா சார்?"

நியாயமான கேள்வி. என் எட்டாம் பக்கம் அதைத்தான் சொல்கிறது. வாயைத் திறந்தேன். சார் திரும்பிப் பார்த்தார். பிரமோஷன் பட்டியலில் என் பெயர் இரண்டாவது. "வெயில் ஜாஸ்தி சார்" என்று சொல்லி மூடிக்கொண்டேன். சீ, நானும் ஒரு மனுஷன்!

கிழங்கான்: பூஜ்யம்.

மூன்றாம் நாள் தாயாரம்மாள் இரண்டு பஸ் மாறி, மூடி போட்ட பக்கெட்டோடு ஆபீசுக்கே வந்துவிட்டாள். உள்ளே ஆறு கிழங்கான். இரண்டுக்கு இன்னும் உயிர் இருந்தது.

"பாருங்க சார். அங்க புடிச்சதுதான். இல்லைன்னு எழுதாதீங்க."

சார் கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். "இது பக்கெட்ல இல்ல இருக்கு? பக்கெட்டை வாழ்விடம்னு எழுத முடியுமா?" என்று என்னைக் கேட்டார்.

"முடியாது சார்" என்றேன். நிபுணர் கருத்து!

"படிச்சவரு, நீங்களுமா சார்?" என்றாள் என்னிடம். நான் ஃபைலைப் புரட்டினேன். அவள் பக்கெட்டை மூடினாள். "உங்க பூட்ஸ் சத்தம் கேட்டப்பவே நாங்களும் மண்ணுக்குள்ள பூந்துகினு இருக்கணும். தெரியாத்தனமா மேல வந்துட்டேன்."

போய்விட்டாள். அழுதே இருப்பேன், ஆனால் படிவத்தில் கடைசிக் கட்டம் காலியாக இருந்தது: 'உள்ளூர் மக்களின் ஆட்சேபம்.'

கடமை தவறாதவன் அல்லவா, எழுந்து போய் ஜன்னல் வழியே பஸ் ஸ்டாப்பை எட்டிப் பார்த்தேன். அவள் பஸ் ஏறும்வரை பத்து நிமிஷம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு, 'எவரும் காணப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.