குழாயடி தோஷம்

செவ்வாய்க்கிழமை காலையில் சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கம் போகிற பஸ்ஸில் பாதிப் பேர் ரெங்கநாதரைச் சேவிக்கப் போகிறவர்கள். மீதிப் பாதி ஒளிவேல் அடிகளைப் பார்க்கப் போகிறவர்கள். முதல் வகையினர் கையில் பூவும் துளசியும் இருக்கும். இரண்டாம் வகையினர் கையில் கருகிப்போன ஸ்விட்சு, வெடித்த பல்பு, தீய்ந்த ஃபியூஸ் கட்டை.

அடிகள் மேலூர் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகையில் அருள்பாலித்து வந்தார். மற்ற சாமியார்களைப் போலக் கல்யாணம், குழந்தை, கோர்ட்டு வழக்கு என்று எல்லாவற்றிலும் அவர் கை வைப்பதில்லை. அவருக்கு அருள் கிடைத்தது மின்சாரப் பிரிவில் மட்டும்.

"சாமி, வீட்டுல ஃபியூஸ் அடிக்கடி போயிடுதுங்க."

"கிரைண்டர் ஓடுறப்பவா?"

"ஆமாங்க சாமி."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சொல்லாமலே கிரைண்டரைக் கண்டுபிடித்துவிட்டாரே. கிரைண்டர், ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி மூன்றையும் ஒரே லைனில் மாட்டினால் ஃபியூஸ் போகத்தான் போகும் என்பது ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்கு முதல் வருடப் பாடம். அடிகள் அதற்கு ராகு என்று பெயர் வைத்திருந்தார்.

"சாமி, ஃபேன் மெதுவாத்தான் சுத்துது."

"உங்க வம்சத்துல மூத்தவங்க யாரோ கோபமா இருக்காங்க."

கண்டன்சர் மாற்றினால் தணிகிற கோபம் அது. அதைச் சொல்ல அங்கே ஆளில்லை. இருந்திருந்தாலும் வரிசையில் இடம் கிடைத்திருக்காது.

அடிகளிடம் ஒரு சாண் நீளத்தில் ஒரு வேல் இருந்தது. நுனியில் பித்தளை இலை, நடுவில் கண்ணாடி, அடியில் ஓர் உலோகக் குமிழ். நுனியைப் பொருளின் மீது வைத்து, சம்பந்தப்பட்டவர் குமிழில் விரல் வைக்க வேண்டும். அந்த ஆளுக்குத் தோஷம் இருந்தால் கண்ணாடிக்குள் சிவப்பாக வெளிச்சம் வரும். இல்லையென்றால் வராது. நேரில் பார்த்தவர்கள் ஆயிரம் பேர். பார்த்ததோடு சரி, எப்படி என்று கேட்டவர் ஒருவருமில்லை.

இந்த வேல் ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் அரியமங்கலத்துக்கு ஆட்டோவில் வந்தது.

அரியமங்கலம் தொழிற்பேட்டையில் லேத் பட்டறையில் வேலை பார்க்கிற பாலுவுக்குத் தை மாதம் கல்யாணம் நடந்தது. பெண் மண்ணச்சநல்லூர், பெயர் சுபஸ்ரீ. மருமகள் வருகிறாள் என்று பாலுவின் அம்மா செல்லக்கிளி கொல்லைப்புறத்தில் புதிதாகக் குளியலறையே கட்டினாள். ஆசையாகத்தான் அழைத்து வந்தாள்.

வந்த மூன்றாம் நாள், கொல்லைக் குழாயில் கை வைத்த சுபஸ்ரீக்குச் சுருக்கென்று அடித்தது. பிறகு அதுவே வழக்கமாயிற்று. விசித்திரம் என்னவென்றால், அதே குழாயைச் செல்லக்கிளி பிடித்தால் ஒன்றும் ஆவதில்லை. பாலு பிடித்தாலும் இல்லை. முப்பது வருடமாக யாரையும் ஒன்றும் செய்யாத குழாய், மருமகளை மட்டும் தேடிப் பிடித்து அடித்தது.

முதலில் செல்லக்கிளி நம்பவில்லை. வேலை செய்யாமல் இருக்கச் சொல்கிற சாக்கு என்று நினைத்தாள். ஆடியில் ஒரு நாள் சுபஸ்ரீ குடத்தோடு தூக்கி எறியப்பட்டு, சுவரில் மோதி விழுந்து, பேச்சு வராமல் கிடந்தபோது நம்பினாள். நம்பியதும் பயந்தாள். பயந்ததும் ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏறினாள். எலக்ட்ரீஷியன் கடை தெருமுனையிலேயே இருந்தது. அதைத் தாண்டித்தான் பஸ் நிறுத்தத்துக்குப் போனாள்.

அடிகள் நேரில் வந்து பார்க்கச் சம்மதித்தார். தெருவே கொல்லைப்புறத்தில் கூடிவிட்டது. ஆர்டனன்ஸ் ஃபேக்டரியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு இருதயநாதன்கூடச் சுவரோரம் வந்து நின்றார்.

அடிகள் காவி வேட்டியும் காலில் கட்டைக் குறடுமாகச் சத்தமே இல்லாமல் நடந்து வந்தார். குழாயடியில் ஒரு மணைப்பலகையைப் போடச் சொன்னார்.

"தாயார் முதல்ல பலகையில ஏறுங்க."

செல்லக்கிளி பலகையில் ஏறி, குமிழில் விரல் வைத்தாள். வேல் குழாயைத் தொட்டது. வெளிச்சம் இல்லை. பாலு ஏறினான். இல்லை.

சுபஸ்ரீயின் முறை வந்தபோது அடிகள் பலகையை எடுத்து ஓரமாக வைத்தார். "மருமகப் பொண்ணு தரையில நிக்கணும். பூமாதேவி சாட்சி." ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரை அவள் பாதத்தில் ஊற்றினார். அவள் விரலைக் குமிழில் வைத்தாள்.

வேல் சிவப்பாக எரிந்தது.

கூட்டத்தில் யாரோ முருகா என்றார்கள். சுபஸ்ரீ தன் விரலைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"வீட்டுல குத்தம் இல்ல," என்றார் அடிகள். "வந்தவ மேல ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. ஒரு மண்டலம் இவ இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது. அதுக்கப்புறமும் வேலுக்கு ரெண்டு பவுன் சாத்தினாத்தான் உள்ள விடலாம். இல்லேன்னா தாலிக்கே ஆபத்து."

தாலிக்கு ஆபத்து என்றால் பாலுவுக்கு ஆபத்து. செல்லக்கிளி உடனே சம்மதித்தாள். தன் கை வளையல் இரண்டையும் கழற்றி வெற்றிலைத் தட்டில் முன்கூட்டியே வைத்தாள். பாலு உள்ளே போய் மனைவியின் துணிகளைப் பையில் அடுக்கினான். சுபஸ்ரீ அதையும் பார்த்தாள்.

மண்ணச்சநல்லூருக்குப் போன் போயிற்று. அப்பா ஊரில் இல்லை. அதனால் சுபஸ்ரீயின் பெரியப்பா மகள் வேணி வந்தாள். பொன்மலை ரயில்வே பணிமனையில் மின்சாரப் பிரிவில் டெக்னீஷியன். ஷிஃப்ட் முடிந்த கையோடு, நீலச் சட்டையை மாற்றாமல் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். அப்போது அடிகள் இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் புறப்படத் தயாராக இருந்தார்.

"வாம்மா," என்றாள் செல்லக்கிளி. "உன் தங்கச்சி மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. சாமி சொல்லிட்டாரு."

"என்ன சொன்னாரு அத்தை?"

செல்லக்கிளி சொன்னாள். வேணி குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு அடிகளிடம் போனாள்.

"சாமி, அந்த வேலை ஒரு தடவை பார்க்கலாமுங்களா?"

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்ததால் அடிகள் கொடுத்தார். வேணி அதைத் திருப்பிப் பார்த்தாள்.

"டெஸ்டர்தான். முன்னாடி பித்தளை இலை ஒட்டியிருக்கு. பெரியகடை வீதியில எந்தக் கடையில கேட்டாலும் கொடுப்பாங்க."

"அம்மா, வார்த்தையை அளந்து பேசு. எத்தனையோ பேரைக் காப்பாத்துன வேல் இது."

"இருக்கட்டுங்க. நான் ஒரு தடவை வச்சுப் பார்க்கறேன்."

வேணி பூட்ஸைக் கழற்றி, மஞ்சள் தண்ணீர் தேங்கிய இடத்தில் வெறுங்காலோடு நின்று, வேலைக் குழாயில் வைத்தாள். சிவப்பாக எரிந்தது.

அடிகள் சிரித்தார். "எரியத்தான் செய்யும். நீ அவ ரத்தம் இல்லையா?"

கூட்டமும் தலையாட்டியது. கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால் போதும், சரியான பதிலா என்பது அப்புறம்.

"அப்படின்னா வேற யாராச்சும் வரட்டும். சார், நீங்க வரீங்களா?"

இருதயநாதன் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு செருப்பை விட்டுவிட்டு ஈரத்தில் வந்து நின்றார். குமிழில் விரல் வைத்தார். எரிந்தது.

"என் பக்கம் ரத்த சம்பந்தம் ஏதும் இல்லீங்க," என்றார் பணிவாக. "நான் பாலக்கரையில பொறந்தவன்."

"பரவ ஆரம்பிச்சிருச்சு," என்றார் அடிகள். குரலில் வேகம் கூடியிருந்தது. "தோஷம் ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தருக்குப் பரவும்."

வேணி செல்லக்கிளியிடம் திரும்பினாள். "அத்தை, நீங்க வீட்டுக்குள்ளயும் செருப்புப் போட்டுத்தானே நடக்கறீங்க?"

"குதிகால் வலிம்மா. டாக்டர் ரப்பர் செருப்புப் போடச் சொல்லியிருக்காரு."

"பாலு தம்பி?"

"கொல்லைக்கு வந்தா போட்டுக்குவேன்க்கா. பாசி வழுக்கும்."

"சுபா?"

சுபஸ்ரீ தன் வெறுங்காலைப் பார்த்தாள். சமையல்கட்டிலும் குழாயடியிலும் மருமகள் செருப்புப் போடக் கூடாது என்பது கல்யாணமான மறுநாளே செல்லக்கிளி சொன்ன விதி. செல்லக்கிளியின் முகம் மாறியது. யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றினாள். ஈரத்தில் இறங்கி நின்று குமிழில் விரல் வைத்தாள்.

வேல் சிவப்பாக எரிந்தது.

"கரண்டுக்கு மண்ணுக்குள்ள போக ஒரு வழி வேணும் அத்தை," என்றாள் வேணி. "ரப்பரும் காஞ்ச பலகையும் வழியை அடைச்சிடும். ஈரத்துல வெறுங்காலோட நின்னா நம்ம உடம்புதான் வழி. உங்களை எல்லாம் பலகையில நிக்க வச்சாரு. அவளை மட்டும் தண்ணி ஊத்தித் தரையில நிக்க வச்சாரு. பூமாதேவி சாட்சியெல்லாம் அதுக்குத்தான்."

"இது வேற அது வேற," என்றார் அடிகள். "ஞானக் கண்ணால பார்க்கிற விஷயத்தைக் கைவேலைக்காரங்க—"

"ஒரு நிமிஷம் சாமி." வேணி வீட்டுக்குள் போனாள். வாசலறை வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். வேல் இப்போது அவள் சட்டைப் பையில் இருந்தது.

"உங்களுக்குத் தோஷம் ஏதும் கிடையாதுல்ல?"

"எனக்கா? பன்னிரண்டு வருஷ விரதம்மா."

"அப்ப வேலும் வேண்டாம். குறட்டைக் கழட்டிட்டு அந்தத் தண்ணியில நின்னு, வெறுங்கையால குழாயைப் பிடிச்சுக் காட்டுங்க. தோஷம் இல்லாதவங்களை ஒண்ணும் பண்ணாதுதானே? காட்டிட்டீங்கன்னா என் தங்கச்சியை இப்பவே கூட்டிட்டுப் போயிடறேன். ஒரு மண்டலம் இல்ல, ஒரு வருஷம் வேணாலும் வச்சுக்கறேன்."

நியாயமான கோரிக்கை என்று கூட்டத்துக்குப் பட்டது. அடிகள் பக்கத்தில் போனாலே குழாய் அவரை வணங்கும் என்றுதான் அவர்கள் நம்பியிருந்தார்கள். "புடிச்சுக் காட்டுங்க சாமி," என்று ஓர் அம்மாள் உண்மையான பக்தியோடு சொன்னாள்.

அடிகள் நேரம் சரியில்லை என்றார். ராகுகாலம் முடியட்டும் என்றார். இருதயநாதன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, செவ்வாய்க்கிழமை ராகுகாலம் மூன்றிலிருந்து நாலரை, இப்போது ஐந்தாகிறது என்றார். கூட்டம் நெருங்கிக் கொண்டே வந்தது. பாலு அவர் தோளைத் தொட்டு, "கழட்டுங்க சாமி," என்று சொல்லி, தானே குனிந்து குறட்டில் கை வைத்தான். குறடு கழன்று கவிழ்ந்தது. அடியில் சைக்கிள் டயரை வெட்டி ஆணி அடித்து ஒட்டியிருந்தது.

அடிகள் ஒற்றைக் காலில் நின்றார். பாலு அவர் கையைக் குழாயின் பக்கம் இழுத்தான்.

"விடுடா," என்று அலறினார் அடிகள். "எர்த் இல்லாத வீட்டுல குழாயைப் புடிக்க நான் என்ன பைத்தியமா?"

அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்த முதல் உண்மை அதுதான்.

இருதயநாதன்தான் கேட்டார். "எர்த் இல்லேன்னு தெரிஞ்சும் அந்தப் பொண்ணை வெறுங்காலோட தண்ணியில நிக்க வச்சீங்களா?"

வேணி குழாயை வெறுங்கையால் பிடித்தாள். இறுகப் பிடித்துக்கொண்டே, "மெயினை அணைச்சுட்டுத்தான் வந்தேன். இப்ப இதுல ஒண்ணும் இல்ல," என்றாள். "தோஷம் உண்மையா இருந்தா, மெயினை அணைச்சா போயிடுமா?"

அடிகள் ஒரு காலில் குறடும் ஒரு காலில் ஒன்றுமில்லாமலுமாகப் புறப்பட்டார். தெருமுனை வரை பத்துப் பேர் கூடவே போனார்கள். வழியனுப்ப இல்லை. அவர் தட்டைத் தேடுவதற்குள் செல்லக்கிளியின் வளையல்கள் செல்லக்கிளியின் கைக்கே வந்துவிட்டன. அவள் எப்போது எடுத்தாள் என்பதை யாரும் பார்க்கவில்லை.

விட்டுப்போன வேல் அதற்கப்புறம்தான் உருப்படியாக ஒரு வேலை செய்தது. வேணி மெயினைப் போட்டுவிட்டு, வேலைக் குழாயில் வைத்து எரிய விட்டாள். பாலுவை ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கச் சொன்னாள். மூன்றாவது ஃபியூஸைப் பிடுங்கியதும் வெளிச்சம் அணைந்தது. அந்த லைனில் இருந்தது பிரிட்ஜ். பன்னிரண்டு வருடத்துக்கு முன் செல்லக்கிளி ஆசையாக வாங்கி, வருடா வருடம் ஆயுத பூஜைக்குச் சந்தனப் பொட்டு வைக்கிற பிரிட்ஜ். உள்ளே ஒயர் நைந்து, வெளித் தகட்டில் கசிந்துகொண்டிருந்தது.

"கசிஞ்சாலும் எர்த் கம்பி வழியா மண்ணுக்குள்ள போயிருக்கணும்," என்றாள் வேணி. "பழைய வீட்டுல எர்த்தைத் தண்ணிக் குழாயோடயும் சேர்த்துக் கட்டியிருப்பாங்க. கம்பி எங்கயோ அறுந்திருக்கு. அதான் எல்லாம் குழாய்க்கு வருது."

அறுந்த இடம் புதுக் குளியலறைச் சுவரின் அடியில் கிடைத்தது. கொத்தனார் கடப்பாரை போட்டபோது துண்டாகியிருந்தது. மண்ணுக்குள் போன இரும்புக் குழாயையும் எடுத்துவிட்டு, கரண்டைக் கடத்தாத பிளாஸ்டிக் போட்டிருந்தார். மருமகள் வந்த நாளிலிருந்துதான் இப்படி என்று செல்லக்கிளி சொன்னது பொய்யில்லை. மருமகளுக்காகக் கட்டிய சுவர்தான் கம்பியை அறுத்தது.

"அந்த ஆளு இப்படி ஏமாத்திட்டானேடி," என்றாள் செல்லக்கிளி, சுபஸ்ரீயின் கையைப் பிடித்துக்கொண்டு. "பிரிட்ஜை ரிப்பேருக்குக் கொடுத்துடலாம். பையை உள்ள வைம்மா."

சுபஸ்ரீ பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"நான் அக்காகூடப் போயிட்டு வரேன் அத்தை."

"அதான் தோஷம் இல்லேன்னு ஆயிடுச்சே."

"தோஷத்துக்காகப் போகல. நான் அந்தத் தண்ணியில நின்னப்ப, நீங்க யாரும் என் பக்கத்துல வந்து நிக்கல. அதுக்காகப் போறேன்." பாலுவை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "அவருதான் பையை அடுக்குனாரு. ரொம்ப ஒழுங்கா அடுக்கியிருக்காரு."

ஸ்கூட்டர் போய்விட்டது. அதன் பிறகு பாலு ஐந்து நாள் பட்டறைக்கு லீவு போட்டான். தெருமுனை எலக்ட்ரீஷியனை அழைத்து, கொல்லையில் குழி தோண்டிப் புதிதாக எர்த் போட வைத்தான். கம்பி போகிற வழியெல்லாம் கூட நின்று கேட்டுத் தெரிந்துகொண்டான். ஆறாம் நாள் பொன்மலை குவார்ட்டர்ஸுக்குப் போய், வேணி வீட்டு வாசலில் நின்று, தான் செய்தது தப்பு என்று முழு வாக்கியமாகச் சொன்னான். சுபஸ்ரீ இன்னும் இரண்டு நாள் கழித்துத்தான் வந்தாள்.

மேலூர் ரோட்டுக் கொட்டகை பூட்டியிருக்கிறது. ஆனால் செவ்வாய்க்கிழமைகளில் கருகிய ஸ்விட்சும் கையுமாகச் சிலர் இன்னும் வந்து, பூட்டைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்கும் உங்களுக்கும் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. வீட்டில் ஷாக் அடித்தால் முதலில் மெயினை அணையுங்கள். அடுத்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். சாமியாரைக் கூப்பிட வேண்டும் என்று தோன்றினால், கோளாறு ஒயரில் இல்லை.